எல்.கே.ஜி. சீட்டுக்கு பங்குக் கடிதம்: குழந்தைக்கு இரண்டு வயதிலேயே ஆரம்பியுங்கள்

நவம்பர் பிறந்தாலே வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்களின் ஞாயிறு பூசையில் புதுமுகங்கள் தெரியும். பூசை முடிந்ததும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் சாமியாரை, அதாவது ஃபாதரைப் பார்க்கக் காத்திருப்பார்கள். கான்வென்ட்டில் சேர்க்க பங்குக் கடிதம் வேண்டும்; பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம். எங்கள் அன்பியத்தில், அதாவது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில், நான் பொறுப்பில் இருப்பதால் இவர்கள் அலைவதை வருடா வருடம் பார்க்கிறேன், மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

அரசியலமைப்பின் 30வது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நடத்திக்கொள்ளும் உரிமை தருகிறது. அதனால் பல மிஷன் பள்ளிகள் தங்கள் சபைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன. இந்தக் குடும்பம் எங்கள் பங்கைச் சேர்ந்ததுதான் என்று சாமியார் சொல்லும் சாட்சி அந்தக் கடிதம், அவ்வளவுதான். கடிதம் இருந்தால் சீட்டு உறுதி என்று நினைத்துவிடாதீர்கள்.

போன வருடம் ஒரு தம்பி, கோயில் சந்தா கட்டியதைப் பதியும் பங்குக் குடும்ப அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். சாமியார் சந்தாக் கட்டங்களில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார், கல்யாணம் நடந்த மாதத்தோடு சீல் நின்றிருந்தது, அதற்கப்புறம் நான்கு வருடம் வெறும் கட்டம். மொத்தமாக இப்போதே கட்டிவிடுகிறேன் ஃபாதர் என்றார் தம்பி. "காசு வேண்டாம்ப்பா, அன்பியக் கூட்டத்துக்கு வா, உன்னைத் தெரியும்னு நாலு பேர் சொல்லட்டும்" என்றார் சாமியார். கடிதம் கையில் வந்தபோது பிப்ரவரி, அந்தப் பள்ளியில் விண்ணப்பம் கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். அந்தத் தம்பியின் மனைவி கோயில் படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் குழந்தைக்கு இரண்டு வயது ஆனதும் அட்டையை எடுத்துப் பாருங்கள். காசிமேட்டிலிருந்து மணலிக்கோ மாதவரத்துக்கோ வீடு மாறியிருந்தால் பழைய பங்கில் கடிதம் வாங்கி புதுப் பங்கில் பதிந்துகொள்ளுங்கள், பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஞானஸ்நானம் அம்மா வீட்டுப் பக்கம், தூத்துக்குடியிலோ நாகர்கோவிலிலோ நடந்திருந்தால் சான்றிதழ் அந்தக் கோயிலில்தான் கிடைக்கும், ஊருக்குப் போகும்போதே வாங்கி வந்துவிடுங்கள். அதில் ஞானஸ்நானத்தில் வைத்த ஞானப்பெயர் மட்டும் இருந்து பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர் இருந்தால் பள்ளியில் கேள்வி கேட்பார்கள், முன்பே சாமியாரிடம் பேசிச் சரிசெய்யுங்கள். கத்தோலிக்கர் இல்லாமல் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாக இருந்தால் ஆயரிடம், அதாவது சபைப் போதகரிடம் போக வேண்டும், அங்கேயும் அங்கத்தினர் பட்டியலும் சந்தா ரசீதும்தான் பேசும்.

சரி, கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்ன செய்வது? சீட்டுக்காகக் கோயிலுக்கு வராதீர்கள், தயவுசெய்து. வேண்டிக்கொள்ள வருகிறீர்களா, மாதா எல்லாருக்கும் பொது, எப்போது வேண்டுமானாலும் வாருங்கள். மிஷன் பள்ளிகளில் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், நேராகப் பள்ளி அலுவலகத்தில் விண்ணப்பம் கேளுங்கள். சீட்டுக்காக ஞானஸ்நானம் கொடுக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அது விளையாட்டு இல்லை. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களுக்கு எஸ்.சி. தகுதி கிடையாது, தமிழ்நாட்டில் அவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். எல்.கே.ஜி.க்காக எடுக்கும் முடிவு பிள்ளையின் சாதிச் சான்றிதழ் வரை போய் நிற்கும்.

இன்னொன்று, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இலவச இடத்தைச் சிறுபான்மைப் பள்ளியில் எதிர்பார்க்காதீர்கள். அந்தச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த இடம் வேண்டுமென்றால் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் மற்ற தனியார் பள்ளிகளைப் பாருங்கள்.

கடிதம் வாங்கும்போது பள்ளியின் பெயரைச் சொல்லி எழுதி வாங்குங்கள். இரண்டு பள்ளிக்குப் போடுவதாக இருந்தால் இரண்டு கடிதம் கேளுங்கள், ஒரே நாளில் கேட்டால் சாமியார் மறுக்க மாட்டார். கோயில் சீல் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.