இரண்டு டிராக் சேர்ந்ததும் மெலிந்த பேஸ் ஒலி: என் அனுபவம்
என் சொந்தப் பாடலுக்கு ஃப்ரீலான்ஸ் பேஸ் கிட்டார் கலைஞர் ஒருவர் வாசித்து அனுப்பிய டிஐ பதிவும் (மைக் இல்லாமல் கிட்டாரிலிருந்து நேரடியாக எடுப்பது), ஆம்ப் (ஒலிபெருக்கி) முன் மைக் வைத்து எடுத்த பதிவும் தனித்தனியே கனமாக ஒலித்தன. சேர்த்துக் கேட்டால் அடிநாதமே காணாமற்போனது. ஈக்யூவில் (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 80 ஹெர்ட்ஸைக் கூட்டியும் பயனில்லை. வாசிப்போ அருமை, மறுபதிவு கேட்க மனம் வரவில்லை.

அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒரே ஸ்வரம் டிஐயில் மேல்நோக்கியும், மைக் பதிவில் கீழ்நோக்கியும், அதுவும் சற்றுத் தாமதித்தும் தொடங்குவது தெரிந்தது; அதனால்தான் சேரும்போது ஒன்றையொன்று அழித்தன. மைக் பதிவின் போலாரிட்டியை (அலையின் மேல்-கீழ் திசையை) திருப்பி, ஒரு மில்லி விநாடிக்கும் குறைவாக முன்னே நகர்த்தியதும் (ஆம்பிலிருந்து மைக்கை ஒலி அடையும் நேரமே அந்தத் தாமதம்; 30 செ.மீ. கடக்க ஒலிக்கு ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி ஆகும்) பேஸ் நிறைந்து ஒலித்தது.

இப்போதெல்லாம் கலைஞரையோ புரொடியூசரையோ அமர்த்தும்போது, டிஐ பதிவு தனிக் கோப்பாக வேண்டும் என்பதையும், கோப்புகள் யாவும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே வர வேண்டும் என்பதையும் ஊதியம் பேசும் கடிதத்திலேயே எழுதிவிடுகிறேன்.