கயிறு கட்டினால் போதுமா? வீட்டு மரத்தை இழுத்துச் சாய்ப்பதில் செய்யும் தவறுகள்

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுப் பின்புறத்தில் நிற்பது பெரும்பாலும் மா, அவகாடோ, இல்லாவிட்டால் யாரும் நடாமலே முளைத்து வளர்ந்த, வேப்ப இனத்துச் சிரிங்கா. ஒரு பக்கம் பிரீகாஸ்ட் (வார்த்த கான்கிரீட் பலகை) சுவர், மறுபக்கம் அடுத்த வீட்டுக் கூரை, கீழே சரிவு. மரம் விழ இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. அதனால்தான் கயிறு தேவைப்படுகிறது. ஆனால் கயிறு கட்டிவிட்டால் மரம் இழுத்த பக்கம் வந்துவிடும் என்று நினைப்பதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

மரம் போகும் திசையைப் பிடித்து நடத்துவது கீல். மரம் விழ வேண்டிய பக்கம் ஆப்பு வடிவில் எடுக்கும் வாய்வெட்டுக்கும், எதிர்ப்பக்கத்தில் அறுக்கும் பின்வெட்டுக்கும் நடுவே அறுக்காமல் விட்டுவைக்கும் கட்டைப் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். அடிமரம் 40 செ.மீ. குறுக்களவு என்றால் வாய்வெட்டு 10 முதல் 13 செ.மீ. ஆழம், பின்வெட்டு அதன் அடிக்கோட்டுக்கு 3 செ.மீ. மேலே, கீல் 4 செ.மீ. தடிப்பு. இரு முனையிலும் ஒரே தடிப்பு இருக்க வேண்டும். பின்பக்கம் சாய்ந்த மரத்தை முன்னே தள்ளும் வேலை மட்டும்தான் கயிற்றுடையது. பக்கவாட்டில் சாய்ந்த மரத்துக்கு முன்னிழுக்கும் கயிறு உதவாது. கீலின் ஒரு ஓரம் கிழிந்து, மரம் கயிற்றோடு சேர்ந்து பக்கத்து வீட்டுக்குள் போகும். சாய்வுக்கு எதிர்ப்புறம் தனிக் கயிறு ஒன்று வேண்டும்.

அடுத்தது, எட்டின உயரத்தில் கட்டுவது. ஏணி வைத்து 4 மீட்டரில் கட்டி முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 மீட்டர் உயரம், 1500 கிலோ எடை, எடையின் மையம் அடியிலிருந்து 1 மீட்டர் பின்னே தள்ளி நிற்கிற மரம். 4 மீட்டரில் கட்டினால் அதை நிமிர்த்தவே ஏறத்தாழ 380 கிலோ இழுவிசை வேண்டும். 8 மீட்டரில் கட்டினால் 200 கிலோ. சமதரையில் ஒரு ஆள் காலூன்றி இழுப்பது 40, 50 கிலோவுக்கு மேல் வராது. ஆக, மரத்தின் பாதி உயரத்துக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை போக வேண்டும். அதற்கும் மேலே போனால் நுனி ஒடியும். அவகாடோ, சிரிங்கா இரண்டும் முறியும் கட்டை. கிளையில் கட்டாமல், கிளை பிரியும் கவட்டுக்குச் சற்று மேலே நடுத்தண்டைச் சுற்றி ஓடும் போலைன் (இழுக்க இழுக்க இறுகும் சுருக்கு) முடிச்சுப் போட வேண்டும். ஏறத் தேவையில்லை. 300 கிராம் மணல் பையை மெல்லிய நூலில் கட்டிக் கவட்டுக்கு மேலாக எறிந்து, அந்த நூலாலேயே கயிற்றை மேலே இழுக்கலாம்.

கயிறு எது? நைலான் வேண்டாம். 20 மீட்டர் நைலான் பலமாக இழுபடும்போது 2 மீட்டருக்கு மேலும் நீளும். அறுந்தால் அந்த நீட்சி முழுவதும் சாட்டையாகத் திரும்பி வரும். ஹார்ட்வேர் கடை நீலப் பாலிப்ரொப்பிலீன் மலிவு, ஆனால் டர்பன் வெயிலில் ஒரு வருஷம் வேலியில் கிடந்த கயிறு தொட்டாலே தூள் உதிரும். நீட்சி குறைந்த பாலியெஸ்டர், 12 மி.மீ. அல்லது அதற்கு மேல், நல்லது. முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும். கயிற்றுக் கட்டின் மேல் அச்சிட்டிருப்பது கயிறு அறும் எடை. அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றக் கூடாது.

இழுப்பதற்குப் பக்கி (பின்னால் திறந்த சுமைத்தட்டு உள்ள சிறு வண்டி) வண்டியின் பின்புறக் கொக்கியில் கயிற்றை மாட்டுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. டிரைவருக்கு மரம் தெரியாது, கயிற்றின் இறுக்கமும் கைக்குத் தெரியாது. ஈரப் புல்லில் சக்கரம் சுழலும், பிடி கிடைத்ததும் வண்டி துள்ளும். அந்த ஒரு உதறலில் கயிறு அறும், அல்லது கீல் முடியும் முன்பே அடிமரம் நெடுக்காகப் பிளந்து அறுப்பவர் முகத்துக்கு எகிறும். கம் மரத்தில் (யூகலிப்டஸ்) இது நிச்சயம் நினைவிருக்க வேண்டும். வாய்வெட்டுக்கு முன் கயிற்றின் தொய்வை மட்டும் எடுங்கள். பின்வெட்டு கீல் வரை வந்து, அறுப்பவர் ரம்பத்தோடு பின்பக்கம் மூலைவாட்டில் விலகிய பிறகுதான் முழு இழுப்பு.

இழுப்பதற்கு டிர்ஃபோர் மாதிரிக் கை வின்ச் (நெம்புகோலை ஆட்டிக் கம்பிவடத்தை இழுக்கும் கருவி) சிறந்தது: மெதுவாக இழுக்கும், நின்ற இடத்தில் நிற்கும். அதன் நெம்புகோலில் ஒரு சின்ன ஷியர் பின் இருக்கும். சுமை மீறினால் அது முறிந்து மற்றதைக் காப்பாற்றும். பின் முறிந்ததும் ஆணியையோ போல்ட்டையோ செருகி வேலையைத் தொடர்வது, ஃபியூஸ் போன இடத்தில் கம்பி சுற்றுவதற்குச் சமம். அடுத்து முறிவது கம்பிவடமோ கொக்கியோ. கம்பிவடத்தின் முனையை மடக்கிக் கண்ணி செய்ய யூ-கிளிப் போட்டால் குறைந்தது மூன்று. கிளிப்பின் அகன்ற அடிப்பாகம் சுமை தாங்கும் வடத்தின் மேல் உட்கார வேண்டும், வெட்டிய முனையின் மேல் அல்ல. திருப்பிப் போட்ட கிளிப் சுமை வடத்தையே நசுக்கிவிடும்.

மரம் விழும் கோட்டில் ஆள் நிற்கக் கூடாது. 12 மீட்டர் மரத்துக்கு 24 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அவ்வளவு இடம் யாரிடம் இருக்கிறது? அப்போதுதான் கப்பி. கயிற்றை ஒரு கப்பியில் திருப்பிப் பக்கவாட்டில் நின்று இழுக்கலாம். ஆனால் 90 பாகை திருப்பினால் கப்பியைப் பிடித்திருக்கும் இடத்தில் இழுவிசையின் 1.4 மடங்கு விழும். அப்படியே திரும்பி வந்தால் இரு மடங்கு. கேட் தூண், வேலிக் கம்பம், பிரீகாஸ்ட் சுவர் எதுவும் அதற்குத் தாங்காது. 30 செ.மீ.க்குக் குறையாத உயிருள்ள மரத்தின் அடியில் அகலப் பட்டை சுற்றிக் கட்டுங்கள். கயிறு மடங்கும் கோணத்தின் உள்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். கட்டு விட்டால் கப்பி பறப்பது அந்தப் பக்கம்தான்.

சைகையும் முன்கூட்டி முடிவாக வேண்டும். செயின் சா ஓடும்போது, காதில் மூடி போட்டிருப்பவருக்கு "இழு மாமா" என்று கத்தினாலும் "நிறுத்து மாமா" என்று கத்தினாலும் ஒன்றுதான். உத்தரவு அறுப்பவர் ஒருவரிடமிருந்து, கைச்சைகையில் மட்டும்.

லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நேரத்தில் கம்பியில் கரண்ட் இல்லை என்று மரத்தை அதன் பக்கமாகச் சாய்ப்பவர்களும் உண்டு. கரண்ட் எந்த நிமிஷமும் திரும்பும். பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் தப்பாக இணைத்திருந்தால் திரும்பாமலே கம்பியில் இருக்கும். நனைந்த கயிறும் மின்சாரம் கடத்தும். மரமோ கயிறோ கம்பியை எட்டும் என்றால் நகராட்சி மின்துறையைக் கூப்பிட்டு இணைப்பைத் துண்டிக்கச் செய்த பிறகே தொடங்க வேண்டும்.

பெருமழைக்குப் பிறகு வேர்மண் தூக்கிச் சாய்ந்து நிற்கும் மரம் வேறு வகை. டர்பனில் 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குச் சரிவு எப்படி இளகும் என்று சொல்லத் தேவையில்லை. அதில் அறுத்த அடிமரம் வேரோடு நிமிர்ந்து குழிக்குள் திரும்பி விழும். கயிற்றை எந்தப் பக்கம் கட்டினாலும் கணக்கு நிற்காது. அந்த மரத்துக்குத் தொழில் தெரிந்தவரை அழையுங்கள்.