ஊர்ச் சொலவடைக்கு இங்கிலீஷில் என்ன பேர் போடுவது?

ராமேஸ்வரம், பாம்பன், கீழக்கரை பக்கம் பெரியவர்கள் பேச்சில் வந்து விழும் சொலவடைகளைச் சேர்த்து இங்கிலீஷில் எழுதுகிற பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் ‘ப்ராவெர்ப்’ என்றே பேர் போட்டுவிடுகிறார்கள். அகராதியைத் திறக்கும் முன் ரெண்டே கேள்வி கேளுங்கள்: சொன்னது யார், எதற்காகச் சொல்கிறார்கள்?

“ராமேஸ்வரம் போனாலும் சனீஸ்வரன் விடவில்லை.” முதலில் சொன்னவர் யாரென்று தெரியாது, ஊரே சொல்கிறது. சொல்பவர் கோயிலைப் பற்றிப் பேசவில்லை. கடனை அடைக்க வெளிநாடு போயும் சம்பளம் வராமல் தவிக்கிற தம்பியைப் பற்றிப் பேசுகிறார். இப்படி ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் காட்டினால் தயங்காமல் ப்ராவெர்ப். ஆனால் “ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்” என்று பாம்பனில் படகை இழுத்துக் கட்டிக்கொண்டே ஒருவர் சொன்னால் அவர் நிஜமாகவே காற்றைத்தான் சொல்கிறார், அதையே தேர்தல் நேரத்தில் டீக்கடையில் சொன்னால் விஷயம் வேறு, அங்கே அது ப்ராவெர்ப், அதனால் எந்தச் சமயத்தில் சொன்னார் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள்.

“தை பிறந்தால் வழி பிறக்கும்” போல, காலங்காலமாக நம்பி வருவதை நேராகச் சொன்னால் அடேஜ். ப்ராவெர்ப் என்றாலும் தப்பில்லை, ரெண்டுக்கும் நடுவே மதில் கிடையாது.

“திரைகடல் ஓடியும் திரவியம் தேடு” என்பதில்தான் பலரும் தடுக்குகிறார்கள். கப்பலோட்டி வியாபாரம் செய்த கீழக்கரைக்கு அது சொந்தச் சொல் மாதிரியே ஆகிவிட்டது, சரி, ஆனால் அது ஔவையாரின் கொன்றைவேந்தனில் உள்ளது, ‘தேடு’ என்று ஏவுகிறது. நடக்க வேண்டிய முறையைச் சொன்னால் மாக்சிம் என்றே எழுதுங்கள்.

ஏவாமல், ஒருவர் யோசித்துக் கண்டதைச் சுருக்கிச் சொன்னால் அஃபோரிசம். கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரடீஸ் பெயரில் அந்தத் தலைப்பிலேயே ஒரு நூல் இருக்கிறது. வாழ்வு குறுகியது, கலை நீண்டது என்றுதான் அது தொடங்கும். குறள் முழுவதற்கும் ஒரே பேர் ஒட்டாது: “கற்க கசடற” மாக்சிம், “பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்” அஃபோரிசம்.

சுருக்கமாகச் சொல்லிவந்து, அந்த வரியின் முடிவில் சுருக்கென்று குத்தினால் எபிகிராம். ஓர் அரசோ அமைப்போ தன் கொள்கை என்று வைத்துக்கொள்ளும் வரி மோட்டோ, தமிழ்நாடு அரசு முத்திரையில் இருக்கும் “வாய்மையே வெல்லும்” போல.

அப்துல் கலாம் பெயரில் ஆட்டோ முதுகிலும் பள்ளிச் சுவரிலும் பார்க்கும் வரிகள் கொட்டேஷன் வகை. அவர் எங்கே சொன்னார் என்று கண்டுபிடித்த பிறகுதான் பெயர் போட வேண்டும், நம்ம ஊர்க்காரர் என்பதால் இன்னும் கவனமாக. கிடைக்கவில்லையா, பெயரை எடுத்துவிட்டு வெறும் ‘சேயிங்’ என்று எழுதுங்கள்.