புதிய விசுவாசியை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே ஒருவரை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது நம் சபைகளில் சகஜம். குரல் நன்றாக இருந்தால் பாடகர் குழு, படித்தவராக இருந்தால் ஓய்வுநாள் பள்ளி வகுப்பு. சபையை மேற்பார்க்கும் கண்காணியாக இருப்பவர் நூதன சீஷனாக, அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவராக, இருக்கக் கூடாது, இருந்தால் இறுமாப்பில் விழுவார் என்று பவுல் காரணத்தோடு எழுதியிருக்கிறார் (1 தீமோத்தேயு 3:6). பொறுப்பே கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாற்காலி எடுத்துப் போடுவது, மூத்தவர் ஒருவரோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போவது என்று கைதட்டல் கிடைக்காத வேலைகளில் தொடங்கட்டும்.

இதைவிடப் பெரிய சேதம், வாக்குத்தத்தங்களை, அதாவது தேவன் தரும் வாக்குறுதிகளை, மட்டுமே ஊட்டி வளர்ப்பது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கிடைக்கும் வாக்குத்தத்த வசன அட்டையைப் பீரோ கதவில் ஒட்டிவைக்கிறோம். எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும் வசனம்: தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதத்தின் நடுவில் இருக்கும் வசனம் அது. எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் திரும்புவீர்கள் என்கிறது அதற்கு முந்தைய வசனம். அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது 5-ஆம் வசனம். அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடி பார்க்காமலேதான் கண்மூடியிருப்பார்கள். அட்டையை மட்டும் அறிந்தவர், ஜூன் மாதம் வேலை போனதும் தேவன் ஏமாற்றிவிட்டார் என்று இடிந்துபோகிறார். அதிகாரம் முழுவதையும் படித்தவருக்கு, காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துத்தான் அந்த வாக்கு பேசுகிறது என்று தெரியும். ஆகவே அட்டை கொடுத்தால், அந்த வாரத்திலேயே பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரத்தை முழுமையாகச் சேர்ந்து வாசியுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது.

சுகம் கிடைக்காத ஒருவரிடம் “உங்களுக்கு விசுவாசம் போதவில்லை” என்று சொல்வது கொடுமை. ஏற்கெனவே வலியில் இருப்பவர் தலையில் குற்ற உணர்வையும் ஏற்றிவைக்கிறோம். தன்னோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தேன் என்று பவுல் எழுதினார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். ‘மாம்சத்தின் முள்’ என்று தானே சொன்ன உபாதை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்ட அவருக்குக் கிடைத்தது கிருபை, முள் நீங்கவில்லை. இந்த மூன்றையும் புதிய விசுவாசிக்கு முதல் வருடத்திலேயே காட்டிவிட வேண்டும். 88-ஆம் சங்கீதத்தையும் காட்டுங்கள். நன்றி சொல்லாமல் இருளிலேயே முடியும் அந்தப் புலம்பலும் வேதத்தில் ஒரு ஜெபம்தான்.

நகையைக் கழற்றினாரா, எந்த உடையில் வருகிறார் என்பதை வைத்து வளர்ச்சியை அளக்காதீர்கள். கடனைத் திருப்பிக் கொடுக்கிறாரா, மனைவியிடம் எப்படிப் பேசுகிறார், வேலைக்காரருக்குக் கூலியை நேரத்துக்குத் தருகிறாரா என்று பாருங்கள். கேள்வி கேட்பவரை அடக்கவும் வேண்டாம். பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் 17 நற்குணசாலிகள் என்று மெச்சுகிறது.

கடைசித் தவறு அன்பின் உருவத்தில் வருவதால் எளிதில் கண்ணில் படாது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் சண்டை, நேர்முகத் தேர்வு என்று எதற்கும் அவர் நமக்குத்தான் போன் செய்கிறார். நாமும் மகிழ்ச்சியோடு ஜெபிக்கிறோம். இரண்டு வருடம் கழித்தும் அவருக்குத் தானாக ஜெபிக்கத் தெரிவதில்லை. நாம் ஊர் மாறினாலோ போதகர் மாற்றலாகிப் போனாலோ அவர் சபைக்கு வருவதும் நின்றுவிடுகிறது. பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா என்ற தம்பதி, போதித்துவந்த அப்பொல்லோவைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, அவர் அறியாததை விவரித்தார்கள். அதன்பின் அவர் அகாயாவுக்குப் போக விரும்பியபோது, சகோதரர் அவரைப் பிடித்துவைக்காமல், அங்குள்ள சீஷருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அவர் அங்கேயும் விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாக இருந்தார் (அப்போஸ்தலர் 18).

அடுத்த முறை அவர் போன் செய்யும்போது, “முதலில் நீங்கள் ஜெபியுங்கள், பிறகு நான் ஜெபிக்கிறேன்” என்று சொல்லுங்கள். அவர் திக்கித் திணறி நான்கு வரியில் நிறுத்தினாலும், இடையில் புகுந்து முடித்துவைக்காதீர்கள்.