கோட்டையைக் கட்டியது யார்? குறுக்கெழுத்தில் வழுக்கும் இடங்கள்

ஞாயிறு பேப்பர் வந்ததும் எங்கள் வீட்டில் முதலில் தனியாகப் போவது குறுக்கெழுத்துப் பக்கம்தான். பெரியப்பா பேனாவோடு உட்காருவார், நான் பென்சிலோடு. சரித்திரக் கேள்விகளில் அவருக்குத்தான் பிழை அதிகம். தெரியாமல் இல்லை. பாதிக் கேள்வியிலேயே விடை வந்துவிடுவதால் மீதியை வாசிக்க மாட்டார்.

“மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டியவர்கள்”, 8 கட்டம். ‘ஒல்லாந்தர்’ என்று எழுதினார். ஊரில் அதை ஒல்லாந்தர் கோட்டை என்றுதானே சொல்கிறோம்! இரண்டு கட்டம் மிஞ்சியது. கொஞ்சமும் யோசிக்காமல் ‘கள்’ சேர்த்து ‘ஒல்லாந்தர்கள்’ ஆக்கிவிட்டார். கட்டம் நிறைந்தது, விடை பிழை. 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். ஒல்லாந்தர் 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து அதைப் பிடித்தவர்கள். கேள்வியின் வினைச்சொல்லை இரண்டு தரம் பாருங்கள்: கட்டியவரா, பிடித்தவரா? இழுத்து நீட்டித்தான் ஒரு சொல் பொருந்துகிறது என்றால் அதைச் சந்தேகப்படுங்கள்.

எண்ணிக்கை சரிவந்தாலும் முழுதாக நம்பமுடியாது. ‘போர்த்துக்கேயர்’ 8 எழுத்து, இந்திய வழக்கில் வரும் ‘போர்த்துகீசியர்’ என்பதும் 8. ஐந்தாம் கட்டத்தில் ‘க்’ வருமா ‘கீ’ வருமா என்பதை மேலிருந்து கீழ் வரும் சொல்தான் சொல்லும். ஜேர்மனி, ஜெர்மனியிலும் இதே வில்லங்கம். போனில் தேடி எடுத்த எழுத்துக்கூட்டலை அப்படியே போடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

போர்க் கேள்விகளில் ‘முதலாம்’, ‘இரண்டாம்’ என்பதை விழுங்கிவிடுவது இன்னொரு பழக்கம். பானிபட் என்று கண்டதும் கை தானாகப் ‘பாபர்’ எழுதும். கேட்டது தோற்றவரை என்றால்? 1526இல் தோற்றவர் இப்ராகிம் லோடி, 1556இல் அக்பரின் படையிடம் தோற்றவர் ஹெமு. லோடியும் 2 எழுத்து, ஹெமுவும் 2 எழுத்து. 1761இல் நடந்த மூன்றாவது போரில் மராட்டியர் தோற்றார்கள். எழுத்து கூடியதால் அதில் குழப்பம் குறைவு. நெப்போலியனின் தீவிலும் லோடி, ஹெமு போலவே குழப்பம்தான். எல்பா அவர் தப்பி வந்த இடம், 1821இல் இறந்தது சென் ஹெலனாவில். ‘சென்’னை விட்டால் இரண்டும் 3 எழுத்து.

அடைப்புக்குறிக்குள் ‘குழம்பியுள்ளது’, ‘தலைகீழ்’ என்று இருப்பதைக் கவனிக்காமல் விடுவது பற்றிச் சொல்லவே தேவையில்லை. எல்லோரும் ஒரு தரமாவது செய்திருப்போம்.

போன கிழமை வந்தது நம்ம கடல் விஷயம்: 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல், 4 எழுத்து. ஹெர்மஸ், ஹெர்மிஸ், ஹேர்மஸ் என்று எப்படி எழுதினாலும் 4தான். பெரியப்பா பேனாவைத் திறந்தார்.

“பொறுங்க பெரியப்பா, மூன்றாவது கட்டத்துக்குக் கீழ வாற சொல் இன்னும் வரல்ல.”

“சரி, மறுகா பாப்பம்” என்று மூடிவிட்டார். அந்தக் கட்டம் செவ்வாய்க்கிழமை வரை வெறுமையாகவே கிடந்தது.