பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளைச் சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய ஐந்து பகுதிகளைக் கொண்டிருந்த பிரெஞ்சிந்தியா, தன் பெயர் பொறித்த தபால்தலைகளை 1892 முதல் 1954 வரை வெளியிட்டது. அதற்கு முன் பிரெஞ்சுக் குடியேற்றங்கள் அனைத்துக்கும் பொதுவான தலைகளே இங்கும் புழங்கின. ஆண்டுதோறும் புதிய வெளியீடுகளைத் துரத்த வேண்டிய தேவையில்லாமல், தொடக்கமும் முடிவும் தெரிந்த ஒரு தொகுப்பைப் பொறுமையாகக் கட்டலாம் என்பதால், புதிதாகத் தொடங்குவோருக்கு இதைவிடப் பொருத்தமான களத்தை நான் கண்டதில்லை.

படி 1: நாணயத்தைப் பாருங்கள்

கையில் கிடைத்த தலைகளைப் படத்தை வைத்துப் பிரிக்காதீர்கள். மதிப்பை வைத்துப் பிரியுங்கள். 1923க்கு முன் வந்தவற்றில் மதிப்பு பிராங்கிலும், அதன் நூறில் ஒரு பங்கான சாந்தீமிலும் இருக்கும். அதன் பிறகு வந்தவற்றில் ரூபாய், ஃபனோன், காஷ் என்று இருக்கும். 24 காஷ் ஒரு ஃபனோன்; 8 ஃபனோன் ஒரு ரூபாய். இவை நம்முடைய காசும் பணமும்தான். பிரெஞ்சு வழக்கில் அப்படி மாறி நிற்கின்றன. ஒரு தலையில் 1 ஃபனோன் 12 காஷ் என்று கண்டால், அது ஒன்றரைப் பணம், அதாவது 36 காசு என்று மனத்தில் கணக்கிட்டுப் பழகுங்கள். இந்தக் கணக்கு பழகிவிட்டால் காலவரிசை பெருமளவு தானே அமைந்துவிடும்.

படி 2: பிரம்மாவைக் கொண்டு முதல் பக்கத்தை அமையுங்கள்

1914இல் வெளியான தொடரில் இரண்டு படங்கள் உண்டு: ஒன்று பிரம்மா, மற்றொன்று புதுச்சேரிக்கு அருகிலுள்ள காளி கோயில். நாணயம் மாறியபோது அரசு உடனே புதிய தலைகளை அச்சிடவில்லை. இருந்த தலைகளின் மீதே புதிய மதிப்பை மேலச்சாகப் பதித்து 1923 முதல் விற்றது. அதே படங்கள் புதிய மதிப்புடன் முறையாக அச்சாகி வந்தது 1929இல். ஆகவே சாந்தீம் மதிப்புள்ள பிரம்மா ஒன்று, மேலச்சு பெற்ற பிரம்மா ஒன்று, காஷ் மதிப்புடன் அச்சான பிரம்மா ஒன்று என மூன்றை ஒரே வரிசையில் வையுங்கள். ஓர் ஆட்சி தன் நாணயத்தை மாற்றிய கதை அந்த மூன்று சிறிய தாள்களில் முழுமையாகத் தெரியும். குறைந்த மதிப்புள்ள தலைகளிலேயே இதைச் செய்யலாம் என்பதால் முதல் முயற்சிக்கு இதையே நான் பரிந்துரைக்கிறேன்.

படி 3: பல் விளிம்பை அளந்து போலிகளை ஒதுக்குங்கள்

1892 தொடர், பிரெஞ்சுக் குடியேற்றங்கள் பலவற்றுக்கும் ஒரே வடிவில் அச்சாகி, குடியேற்றத்தின் பெயர் மட்டும் சிவப்பிலோ நீலத்திலோ தனியாகப் பதிக்கப்பட்டது. இதற்குப் போலிகள் உண்டு. விளிம்பிலுள்ள பற்களை அளக்க, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் உள்ளன என்று காட்டும் பெர்ஃபரேஷன் கேஜ் போதும். முதல் எண் மேல் விளிம்பையும் இரண்டாம் எண் பக்க விளிம்பையும் குறிக்கும். உண்மையான தலையில் அளவு 14 × 13½. அளவு தலைகீழாக 13½ × 14 என்று வந்தால் அது போலி. தலையைக் கையால் தொடாமல் இடுக்கியால் பிடித்து, நல்ல வெளிச்சத்தில் இருமுறை அளந்து பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

படி 4: போர்க்காலத் தலைகளைத் தனியே வையுங்கள்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் வீழ்ந்த பிறகு, 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா, போரைத் தொடர்ந்த டி கோல் தலைமையிலான சுதந்திர பிரான்சின் பக்கம் சேர்ந்தது. இதனால் இரண்டு சிக்கல்கள் எழுகின்றன. ஒன்று, 1941இல் 'பிரான்ஸ் லீப்ர்' (சுதந்திர பிரான்ஸ்) என்று மேலச்சிடப்பட்ட தலைகள். மேலச்சைப் போலியாகப் பதிப்பது எளிது. ஆகவே இவற்றில் விலை உயர்ந்தவற்றை வல்லுநர் சான்றிதழ் இல்லாமல் வாங்க வேண்டாம். மற்றொன்று, ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்சின் விஷி அரசு, தன் தலைவர் பெத்தானின் உருவத்துடன் பிரெஞ்சிந்தியாவின் பெயரில் அச்சிட்ட தலைகள். இவை குடியேற்றத்தில் விற்பனைக்கே வரவில்லை என்பதால், புதுச்சேரி முத்திரை விழுந்த பெத்தான் தலை என்று யாரேனும் காட்டினால் ஐயப்படுங்கள். லண்டனில் அச்சாகி 1942இல் வந்த தாமரைத் தொடரோ சிக்கலற்றது, பார்க்கவும் அழகானது.

படி 5: ஊரின் முத்திரையைக் காப்பாற்றுங்கள்

பயன்படுத்தப்பட்ட தலைகளில் ஊர்ப்பெயர் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருக்கும்: காரைக்கால் 'காரிக்கால்' என்றும், ஏனாம் 'யனாவோன்' என்றும் தெரியும். உறையோடு ஒட்டிய தலை கிடைத்தால் உடனே நீரில் போடாதீர்கள். நான் தொடக்கத்தில் காரைக்கால் உறை ஒன்றிலிருந்து தலையைப் பிரித்தெடுத்தபோது, வட்ட முத்திரையின் பாதி உறையிலேயே தங்கிவிட்டது. தேதியும் அதனுடன் போயிற்று. முழு முத்திரையுள்ள உறையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரை முக்கியமில்லாத துண்டுத் தாள்களை மட்டும் வெதுவெதுப்பான நீரில் தாள் தானாகப் பிரியும்வரை ஊறவிட்டு, தலையை முகம் கீழாக ஒற்றுத்தாளில் உலர்த்தி, கனமான புத்தகத்தின் அடியில் வையுங்கள். முத்திரை விழாத தலையை ஒருபோதும் நனைக்க வேண்டாம். பின்புறப் பசை போய்விடும்.

படி 6: சேமிப்பு

பி.வி.சி. கலந்த பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் தலைகளைக் கெடுக்கும். பாலியெஸ்டர் உறைகளை வாங்குங்கள். ஈரப்பதம் பசையைப் பழுப்பாக்கும் என்பதால் ஆல்பத்தைப் படுக்க வைக்காமல், சுவரை ஒட்டாமல் நிமிர்த்தி வையுங்கள்.

ஆல்பத்தின் இறுதியில் இரண்டு இடங்களை இப்போதே ஒதுக்கிவிடலாம். அப்சரஸ், துவாரபாலகர் முதலிய உருவங்கள் கொண்ட 1948 தொடருக்கு ஒரு பக்கம். 1944இல் பிரான்சை மீட்க நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியதன் பத்தாம் ஆண்டை நினைவுகூர்ந்து 1954இல் வந்த ஒற்றைத் தலைக்கு ஒரு பக்கம். அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் நிர்வாகம் இந்தியாவுக்கு மாறியது.