லே போய் இறங்கியதும் மலையேறாதீர்கள்

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போனால் முதல் 2 நாள் ஊருக்குள்ளேயே மெல்ல நடங்கள். இன்னும் உயரத்திலுள்ள கர்துங் லா கணவாய் எல்லாம் அப்புறம். மலையேற்றத்தில் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் வந்தால் அது உயர நோயாக இருக்கலாம்; அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கியே ஆக வேண்டும். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுவது வடிகட்டிய முட்டாள்தனம். உயர நோயைத் தடுக்க உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்துகளுக்கு ஒவ்வாமை இருந்தால் மறைக்காதீர்கள்.

கிராமத்து வீடுகளில் உலர் கழிவறைதான். தண்ணீர் ஊற்றாமல், ஓரத்தில் குவித்திருக்கும் மண்ணை அள்ளிப் போட்டால் போதும். நாப்கினும் ஈரத்துடைப்பானும் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். கழிவறைக் குழியில் சேர்வது மக்கி வயலுக்கு எருவாகப் போகிறது.